இரு மொழியில் ஒரே நற்செய்தி: புனித பக்கோமியுஸ் வாழ்க்கை



நார்வே நாட்டின் ஓஸ்லோ பல்கலைக்கழக நூலகத்தில் 4ஆம் நூற்றாண்டு பாப்பிரஸ் ஏடு ஒன்றின் கிழிந்த துண்டுகள் பாதுகாக்கப்படுகின்றன. எகிப்திலிருந்து வந்தவை. விவிலிய அறிஞர்கள் அதற்குப் பாப்பிரஸ் 62 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். மத்தேயு நற்செய்தி 11ஆம் அதிகாரத்தின் கடைசி ஆறு இறைச்சொற்றொடர்கள் அதில் இருக்கின்றன. ஞானிகளுக்கு மறைத்ததைக் குழந்தைகளுக்கு வெளிப்படுத்தியதற்காக இயேசு தந்தையைப் போற்றுவதும், சுமை சுமந்து சோர்ந்திருப்பவர்களைத் தம்மிடம் அழைப்பதுமான அந்தப் பகுதி நம் எல்லோருக்கும் மனப்பாடம். அதை எழுதியவர் ஒரு முறை கிரேக்கத்திலும் ஒரு முறை கோப்டிக் மொழியிலுமாக எழுதி வைத்திருக்கிறார். தானியேல் நூலில் தீச்சூளையில் நின்ற மூன்று இளைஞர் பாடிய பாடலின் சில வரிகளும் அத்துடன் உண்டு.

இப்படிப்பட்ட இரு மொழி ஏடுகள் வேறு சிலவும் கிடைத்திருக்கின்றன. பிரான்சின் ஸ்திராஸ்பூர் நகரில் உள்ள பாப்பிரஸ் 6 என்ற ஏட்டில் யோவான் நற்செய்தி இரு மொழியிலும் வருகிறது. புனித யாக்கோபின் திருமுகமும் திருத்தந்தை புனித கிளமெந்து எழுதிய முதல் திருமுகமும் அதில் கோப்டிக் மொழியில் மட்டும் உள்ளன.

ஏன் இரண்டு மொழி? மகா அலெக்சாண்டர் காலம் தொட்டே எகிப்தில் அதிகாரத்தின் மொழி கிரேக்கம். வரி எழுதுவதும் வழக்கு நடத்துவதும் கிரேக்கத்தில்தான். நைல் நதிக்கரையில் உழுதவனும் ஆடு மேய்த்தவனும் பேசியதோ பழைய எகிப்திய மொழி. கிறிஸ்தவ காலத்தில் அந்த மொழியைக் கிரேக்க எழுத்துகளோடு தன் சொந்த எழுத்து ஆறேழையும் சேர்த்து எழுதத் தொடங்கினார்கள். அதைத்தான் கோப்டிக் என்கிறோம். நற்செய்தி அலெக்சாந்திரியாவுக்கு வந்தது கிரேக்கத்தில். மேல் எகிப்தின் குடிசைகளுக்கு அது போய்ச் சேர வேண்டுமானால் மக்களின் பேச்சு மொழியில் அல்லவா போக வேண்டும்?

அப்படிப் போய்ச் சேர்ந்த ஒருவரைப் பற்றித்தான் இங்கே உங்களோடு பகிர விரும்புகிறேன். கிரேக்கம் தெரியாத, குருப்பட்டம் பெறாத, சிறுவயதில் கிறிஸ்தவராகவும் இல்லாத ஒரு கிராமத்து மனிதர். கூட்டுத் துறவற வாழ்வின் தந்தை என்று திருச்சபை அவரைக் கொண்டாடுகிறது. இலத்தீன் திருச்சபையில் அவரது நினைவுநாள் மே 9.

பக்கோமியுஸ் சுமார் கி.பி. 292இல் மேல் எகிப்தில், இன்றைய எஸ்னா நகரை ஒட்டிய பகுதியில், பல தெய்வங்களை வணங்கிய பெற்றோருக்குப் பிறந்தார். ஏறத்தாழ இருபது வயதில் உரோமைப் படைக்குக் கட்டாய ஆள்பிடிப்பில் சிக்கினார். பிடிபட்ட இளைஞர்களைப் படகில் ஏற்றி நைல் நதி வழியே வடக்கே கொண்டு போனார்கள். வழியில் தேபேஸ் நகரில், அதாவது இன்றைய லக்சரில், ஓடிவிடாதபடி அவர்களைச் சிறையில் அடைத்தார்கள். ஊர் பேர் தெரியாத இடம். பசி வேறு. மாலையில் அந்த ஊர் மக்கள் சிலர் உணவும் நீரும் கொண்டு வந்து, தயங்கியவர்களை வற்புறுத்திச் சாப்பிட வைத்தார்கள். முன்பின் தெரியாத நமக்கு ஏன் இவ்வளவு செய்கிறார்கள் என்று பக்கோமியுஸ் உடன் இருந்தவர்களைக் கேட்டார். அவர்கள் கிறிஸ்தவர்கள், விண்ணகக் கடவுளுக்காக எல்லோரிடமும், அந்நியரிடமும் இரக்கம் காட்டுபவர்கள் என்று பதில் வந்தது.

அன்று இரவு அவர் சிறையின் ஒரு மூலைக்குப் போய், தமக்கு இன்னும் பெயர்கூடச் சரியாகத் தெரியாத கடவுளிடம் வேண்டினார். இந்தத் துன்பத்திலிருந்து விடுவித்தால் வாழ்நாள் முழுவதும் மனிதருக்குத் தொண்டு செய்வேன் என்று வாக்குக் கொடுத்தார். அன்பர்களே, இதைச் சற்றுக் கவனியுங்கள். அவர் மனமாறியது ஒரு மறையுரையைக் கேட்டு அல்ல, ஒரு நூலைப் படித்தும் அல்ல. யாரோ கொண்டு வந்த உணவைச் சாப்பிட்டு மனமாறினார். அந்தத் தேபேஸ் கிறிஸ்தவர்களில் ஒருவர் பெயரும் எந்த வரலாற்றிலும் இல்லை.

313இல் போர் முடிந்தது. படைக்குப் பிடிக்கப்பட்டவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். பக்கோமியுஸ் தெற்கே திரும்பி, மக்கள் பெரும்பாலும் கைவிட்டுப் போயிருந்த ஷெனசெத் என்ற ஊரில் தங்கினார். அங்குள்ள சிறு கோவிலில் மறைக்கல்வி கற்றுத் திருமுழுக்குப் பெற்றார். கொள்ளைநோய் பரவியபோது விறகு சுமந்து வந்து நோயாளிகளைப் பராமரித்தார். பிறகு பலாமோன் என்ற முதிய துறவியைத் தேடிப் போனார். பலாமோன் எளிதில் யாரையும் ஏற்றுக்கொள்பவர் அல்லர். உயிர்ப்புப் பெருவிழா நாளாயிற்றே என்று பக்கோமியுஸ் உப்பில் கொஞ்சம் எண்ணெய் கலந்து வைத்ததற்கு, ஆண்டவர் சிலுவையில் அறையப்பட்டிருக்க நான் எண்ணெய் உண்பதா என்று கண்ணீர் விட்டவர். அவரிடம் சுமார் ஏழு ஆண்டுகள் பயிற்சி.

ஏறக்குறைய 323இல் ஒருநாள், ஆளில்லாத தபென்னேசி என்ற ஊருக்கு விறகு பொறுக்கப் போய்ச் செபித்துக்கொண்டிருந்தபோது, அங்கேயே தங்கி ஒரு மடம் கட்டும்படி ஒரு குரல் கேட்டது. பலாமோன் தம் சீடனைப் பிரிய மனமில்லாவிட்டாலும், தாமே உடன் வந்து முதல் குடிலைக் கட்டிக் கொடுத்தார். பக்கோமியுசின் அண்ணன் யோவானும் வந்து சேர்ந்தார். வந்தவுடன் சண்டை! பலர் வருவார்கள் என்று தம்பி சுவரை அகலமாகக் கட்டுகிறார். துறவிக்குத் தனிமைதான் வேண்டும், இவ்வளவு பெரிய சுவர் எதற்கு என்று அண்ணன் இடிக்கிறார். தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. பிறகு அந்தக் கோபத்துக்காக இரவு முழுவதும் அழுது செபித்தார் என்று அவரது வரலாறு சொல்கிறது.

சுவர் எழும்பியது, ஆட்களும் வந்தார்கள். ஆனால் அந்த முதல் முயற்சி படுதோல்வி. புனிதர் வரலாறுகளில் பொதுவாக இதை விட்டுவிடுவார்கள். சிறையில் கொடுத்த வாக்கின்படி எல்லோருக்கும் பணிவிடை செய்ய வேண்டும் என்று பக்கோமியுஸ் எண்ணினார். அவரே சமைத்தார், தோட்டம் போட்டார், நோயுற்றவரைக் கவனித்தார், கதவைத் திறந்து விருந்தினரை வரவேற்றார். வந்தவர்கள் தங்கள் உழைப்பில் ஒரு பங்கை அவரிடம் கொடுத்துச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார்கள். நாளாக ஆக அவரை வேலைக்காரனைப் போல நடத்தத் தொடங்கினார்கள். கேலி பேசினார்கள். அறுவடை நேரத்தில் சுமையையெல்லாம் அவர் தலையில் கட்டினார்கள். நான்கைந்து ஆண்டுகள் பொறுத்துப் பார்த்தார். பொறுமையால் அவர்கள் திருந்தவில்லை. கடைசியில் சில ஒழுங்குகளை வகுத்து, இவற்றின்படி வாழ விருப்பமானால் இருங்கள், இல்லையென்றால் போகலாம் என்று சொல்லிவிட்டார். அவர்கள் சிரித்தார்கள். அத்தனை பேரையும் வெளியே அனுப்பினார். ஆயரிடம் புகார் போனது. ஆயர் பக்கோமியுஸ் பக்கம் நின்றார்.

உலகத் துறவற சபைகளின் ஒழுங்குகளுக்கெல்லாம் மூத்த ஒழுங்கு இந்தக் கசப்பிலிருந்துதான் பிறந்தது. சமமான உணவு, சமமான உடை, குறித்த நேரச் செபம், எல்லோருக்கும் வேலை, மேலாளருக்குக் கீழ்ப்படிதல். நெசவாளர் ஒரு வீடு, பாய் முடைவோர் ஒரு வீடு, தையற்காரர், செருப்புத் தைப்பவர் என்று தொழில்வாரியாக வீடுகள். ஒரு வீட்டில் சுமார் 40 பேர். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தலைவர், ஒரு துணைத் தலைவர். அடுத்து வந்தவர்கள் நிலைத்தார்கள். சில ஆண்டுகளில் தபென்னேசியில் இடம் போதாமல் பபாவ் என்ற ஊரில் இரண்டாவது மடம் எழுந்தது. அதுவே தலைமை மடமானது. அண்ணனைப் பார்க்க வந்த தங்கை மரியாவுக்காகப் பெண்கள் மடம் ஒன்றையும் கட்டிக் கொடுத்தார். அவர் இறக்கும்போது ஆண்களுக்கு ஒன்பது மடங்களும் பெண்களுக்கு இரண்டும் இருந்தன.

அந்த ஒழுங்கில் நம் பொருளுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு விதி உண்டு. எழுத்தறியாதவர் மடத்தில் சேர்ந்தால், நாளொன்றுக்கு மூன்று வேளை ஆசிரியரிடம் போய் நின்று, எழுத்தும் அசையும் சொல்லும் கற்றாக வேண்டும். விருப்பமில்லை என்றாலும் விடமாட்டார்கள். மடத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் குறைந்தது புதிய ஏற்பாட்டையும் திருப்பாடல்களையும் மனப்பாடம் செய்திருக்க வேண்டும். 4ஆம் நூற்றாண்டில், உழவர்களும் மேய்ப்பர்களும் நிறைந்த ஊரில், இப்படி ஒரு சட்டம்! பாய் முடையும்போதும் வயலுக்கு நடக்கும்போதும் அவர்கள் வாயில் இறைவார்த்தை இருந்தது. புத்தகங்களுக்கும் தனி விதி. சுவரில் ஒரு மாடம். அதில்தான் வீட்டின் ஏடுகள் இருக்கும். செபத்துக்கோ சாப்பாட்டுக்கோ போகும்போது ஏட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போகக் கூடாது. துணைத் தலைவர் மாலைதோறும் ஏடுகளை எண்ணிப் பார்த்து மாடத்தை மூட வேண்டும்.

தபென்னேசியைச் சுற்றியிருந்த ஆட்டிடையர்களுக்காக அவர் ஒரு கோவிலும் கட்டினார். வாசகர் யாரும் கிடைக்காததால் சனி, ஞாயிறுகளில் தாமே போய் நின்று அவர்களுக்கு இறைவார்த்தையை வாசித்தார். அந்தப் பொதுநிலையினரின் பணிவான வாசிப்பு பலரைத் திருமறைக்குக் கொண்டு வந்தது என்கிறது அவரது வரலாறு.

குருவாக மட்டும் அவர் சம்மதிக்கவே இல்லை. பதவி ஆசையும் பொறாமையும் சகோதரரிடையே நுழைய அதுவே வாசலாகிவிடும் என்று அஞ்சினார். திருப்பலிக்கு வெளியிலிருந்து குருக்களை அழைத்துக்கொண்டார். அலெக்சாந்திரியாவின் புதிய ஆயரான புனித அத்தனாசியுஸ் 330ஆம் ஆண்டையொட்டி மேல் எகிப்துக்கு வந்தபோது, உள்ளூர் ஆயர் இவரைக் குருவாகத் திருநிலைப்படுத்தும்படி கேட்டுக்கொண்டார். சகோதரர்கள் பாடிக்கொண்டு ஆயரை வரவேற்றார்கள். பக்கோமியுஸ் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே ஒளிந்துகொண்டார். அத்தனாசியுஸ் புரிந்துகொண்டு அவரை வற்புறுத்தாமல் போய்விட்டார். குருவாகிய எனக்கு இந்தப் பகுதியைப் படிக்கும்போது எப்போதும் கொஞ்சம் சங்கடம்தான்.

மடங்களின் புகழ் பரவ, கிரேக்கம் பேசுபவர்களும் வரத் தொடங்கினார்கள். இங்கேதான் சிக்கல் எழுந்தது. தந்தைக்குக் கிரேக்கம் தெரியாது, பிள்ளைகளுக்கு அவர் மொழி தெரியாது. அலெக்சாந்திரியாவில் கோவில் வாசகராக இருந்த தெயோதோர் என்ற இளைஞர் பபாவ் வந்தபோது, கிரேக்கம் தெரிந்த ஒரு முதியவரோடு அவரைத் தங்க வைத்து எகிப்திய மொழியைக் கற்கச் செய்தார் பக்கோமியுஸ். பின்பு அந்நிய மொழியினருக்கென ஒரு தனி வீட்டை ஏற்படுத்தி, அவரையே தலைவராக்கினார். பக்கோமியுஸ் பேசுவதை அவர் கிரேக்கத்தில் சொல்வார்.

ஆனால் எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பாளர் வழியே சொல்லிவிட முடியுமா? ஒருநாள் உரோமையர் ஒருவர், உயர்குடியினர், கிரேக்கம் அறிந்தவர், தம் உள்ளத்தின் குறைகளைத் தந்தையிடம் திறந்து சொல்ல வந்தார். மொழிபெயர்ப்பவர் அழைக்கப்பட்டதும் அவர் மறுத்துவிட்டார். தம் இதயத்தின் தீமைகளை மூன்றாம் ஆள் கேட்பதில் அவருக்கு விருப்பமில்லை. இது ஒப்புரவு அருளடையாளம் அல்ல. பக்கோமியுஸ் குரு இல்லையே. ஆனாலும் மொழி தெரியாத ஒருவர் முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்காக முழந்தாளிட்டிருக்கும் நேரத்தில் திகைத்துப்போன எந்தக் குருவுக்கும் அந்த உரோமையரின் தயக்கம் புரியும். இன்றைய திருச்சபைச் சட்டம் மொழிபெயர்ப்பாளர் வழியே பாவ அறிக்கை செய்ய அனுமதிக்கிறது. அனுமதி இருக்கிறது என்பதற்காக வெட்கம் போய்விடுமா?

பக்கோமியுஸ் அவரைக் காத்திருக்கும்படி கையால் சைகை காட்டிவிட்டுச் செபிக்கப் போனார். தொலைதூரத்திலிருந்து ஆட்களை என்னிடம் அனுப்பிவிட்டு, அவர்களோடு பேச வழியில்லாமல் செய்தால் எதற்கு அனுப்பினீர் என்று ஆண்டவரிடம் மூன்று மணி நேரம் மன்றாடினார். அப்போது பாப்பிரஸ் தாளில் எழுதிய கடிதம் போன்ற ஒன்று வானிலிருந்து அவரது வலக்கையில் வந்து விழுந்தது. அதைப் படித்ததும் எல்லா மொழிகளும் அவருக்கு வந்துவிட்டன. அந்த மனிதரோடு பிழையின்றிப் பேசினார் என்று பிற்காலத் தொகுப்பு ஒன்று சொல்கிறது. அவரது கிரேக்க வரலாறோ வேறு விதமாகச் சொல்கிறது. அந்நிய மொழிச் சகோதரர்களை அடிக்கடி தேற்ற வேண்டுமே என்பதற்காக அவர் கடவுளின் அருளோடு பாடுபட்டுக் கிரேக்கம் படித்தாராம். எனக்கு இரண்டாவதுதான் பெரிய அற்புதமாகத் தெரிகிறது. நூற்றுக்கணக்கானோருக்குத் தந்தையான பிறகு, புதிதாக வந்தவன் எழுத்துப் படிக்க நிற்பது போல அவரும் இன்னொருவர் முன்னால் நின்றிருக்கிறாரே!

கற்றுக்கொள்வதில் அவருக்கு வெட்கமே இருந்ததில்லை. ஒருநாள் தபென்னேசியில் பாய் முடைந்துகொண்டிருந்தபோது, அந்த வாரப் பணியில் இருந்த ஒரு சிறுவன், நீங்கள் முடைவது தவறு, இங்கே வேறு மாதிரி முடைகிறோம் என்றான். அவர் எழுந்து, எப்படி என்று கேட்டு, அவன் காட்டியபடியே உட்கார்ந்து முடைந்தார்.

கிரேக்கக் கல்விக்குப் பெயர்பெற்ற பனோப்போலிஸ் நகரம், இன்றைய அக்மிம், இவருக்கு வேறு விதமான வரவேற்பைக் கொடுத்தது. ஆயர் கேட்டுக்கொண்டபடி அங்கே மடம் கட்டப் போனார். பகலில் கட்டிய சுவரை இரவில் சிலர் இடித்தார்கள். பிறகு மெய்யியல் அறிஞர்கள் சோதிக்க வந்தார்கள். பிறக்காமல் இறந்தவர் யார், பிறந்தும் இறக்காதவர் யார், இறந்தும் அழுகாதவர் யார் என்று விடுகதை போட்டார்கள். பக்கோமியுசுக்குப் பதிலாகப் பேசப் போனவர் அவரது அன்புச் சீடரான தெயோதோர். இவர் அலெக்சாந்திரியாக்காரர் அல்ல, எஸ்னாவைச் சேர்ந்தவர். ஆதாம், ஏனோக்கு, உப்புத்தூணான லோத்தின் மனைவி என்று அவர் சொல்லிவிட்டுத் திரும்பினார். விவிலியத்தை மனப்பாடம் செய்தவரிடம் விவிலியக் கேள்வியையே கேட்டால் எப்படி?

இந்தத் தெயோதோர் விஷயத்தில் பக்கோமியுஸ் நடந்துகொண்ட விதம்தான் எனக்கு இன்றும் நெருடுகிறது. பக்கோமியுஸ் ஒருமுறை கடும் நோயில் கிடந்தார். பிழைக்கமாட்டார் என்று பயந்த மூத்த சகோதரர்கள், தந்தைக்குப் பிறகு பொறுப்பேற்க வேண்டும் என்று தெயோதோரை மன்றாடினார்கள். பல முறை மறுத்து, கடைசியில் அவர் சரி என்றார். பக்கோமியுஸ் பிழைத்துக்கொண்டார். செய்தி காதுக்கு வந்தது. தெயோதோரை எல்லாப் பொறுப்பிலிருந்தும் நீக்கிவிட்டார். இரண்டு ஆண்டுகள் அந்தச் சீடர் அழுதபடி தவம் செய்தார். பதவி எண்ணத்தின் வேரையே பிடுங்க வேண்டியிருந்தது என்று வரலாறு எழுதியவர்கள் விளக்கம் தருகிறார்கள். இருக்கலாம். ஆனாலும் தாம் உருவாக்கிய குடும்பம் கைமாறிப்போவதைப் பார்க்கும் ஒரு தந்தையின் காயமும் அதில் இருந்ததோ என்று நினைக்கத் தோன்றுகிறது. புனிதர்களும் மனிதர்களே.

345இல் எஸ்னாவில் ஆயர்களும் துறவிகளும் கூடிய மன்றத்தில் அவரே குற்றவாளி போல நிற்க வேண்டி வந்தது. மனிதரின் உள்ளத்தை ஊடுருவிப் பார்ப்பதாகச் சொல்லப்படுகிறதே, அது எப்படி என்பது விசாரணை. விசாரித்த ஆயர்களில் இருவர் ஒரு காலத்தில் அவர் மடத்திலேயே இருந்தவர்கள். பணிவோடு பதில் சொன்னார். கூட்டம் முடியும் நேரத்தில் ஒருவன் வாளோடு பாய்ந்தான்; உடன் வந்த சகோதரர்கள் காப்பாற்றினார்கள்.

அடுத்த ஆண்டு, 346இல், மடங்களில் கொள்ளைநோய் புகுந்தது. நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். பக்கோமியுசும் படுத்தார். பாரமாக இருந்த போர்வைக்குப் பதிலாகத் தெயோதோர் நல்ல போர்வை ஒன்றைக் கொண்டு வந்து போர்த்தினார். மற்ற நோயாளிகளுக்கு இல்லாதது எனக்கு வேண்டாம் என்று எடுத்துவிடச் சொன்னார். மே 9 அன்று, ஐம்பதைக் கடந்த சில ஆண்டுகளில், இறைவனடி சேர்ந்தார். தமக்குப் பின் தலைவராக அவர் சொன்னது பெத்ரோனியுசை. அவரும் அதே நோயில் சூலையில் இறந்தார். அடுத்து ஹோர்சியேசியுஸ். சில ஆண்டுகளில் சுமை தாங்க முடியாமல் அவர் ஒதுங்கிக்கொள்ள, பொறுப்பு கடைசியில் வந்து சேர்ந்தது தெயோதோரிடம்தான்.

அவரது ஒழுங்குகள் எகிப்திய மொழியிலிருந்து கிரேக்கத்துக்குப் போயின. 404இல் பெத்லகேமில், தம் ஆன்மீகத் தோழி புனித பவுலாவை இழந்த துயரத்தில் இருந்த புனித எரோணிமுஸ் அவற்றை இலத்தீனில் பெயர்த்தார். அந்த வழியாகவே அவை மேற்கே போய்ப் புனித பெனடிக்ட் காலத்தை எட்டின. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு ஏறக்குறைய ஐம்பதாயிரம் துறவிகள் கூடுவதாக எரோணிமுஸ் எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவருக்குக் கொஞ்சம் மிகைப்படுத்தும் பழக்கம் உண்டு. பல்லாதியுஸ் சொல்லும் ஏழாயிரம் நம்பும்படி இருக்கிறது.

1952இல், பபாவ் மடம் இருந்த இடத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், திஷ்னா என்ற ஊருக்கு அருகே, உள்ளூர்க்காரர்கள் பழைய ஏடுகளின் குவியல் ஒன்றைக் கண்டெடுத்தார்கள். கிரேக்க ஏடுகளும் கோப்டிக் ஏடுகளும் கலந்திருந்த குவியல். லூக்கா, யோவான் நற்செய்திகளின் மிகப் பழைய பிரதிகளில் ஒன்றான பாப்பிரஸ் 75 அங்கிருந்து வந்தது. அது 2006இன் இறுதியில் வத்திக்கான் நூலகத்தைச் சேர்ந்தது. பக்கோமியுஸ் எழுதிய கடிதங்களின் பழைய பிரதிகளும், கிரேக்கத்தில் ஒரு தோல் சுருளாகவும் கோப்டிக் மொழியில் துண்டுகளாகவும், வெளிவந்தன. அவை திஷ்னா குவியலைச் சேர்ந்தவை என்பதால், அது பக்கோமியுஸ் மடங்களின் நூலகமே என்று அறிஞர் ஜேம்ஸ் ராபின்சன் வாதிட்டார். எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் கடிதங்கள் சிலவற்றில் எழுத்துகளையே சங்கேதமாக வைத்து அவர் தம் மடத்துத் தலைவர்களுக்கு ஏதோ சொல்லியிருக்கிறார். கிரேக்கமும் கோப்டிக்கும் கரைத்துக் குடித்தவர்களுக்கும் அந்தச் சங்கேதம் இதுவரை பிடிபடவில்லை.

கல்லறையைப் பார்க்கலாம் என்றால் அதுவும் இல்லை. தம் எலும்புகளின்மேல் மக்கள் கோவில் எழுப்பிவிடக் கூடாது என்று அஞ்சிய அவர், புதைத்த இடத்தில் தம்மை விட்டுவைக்க வேண்டாம் என்று தெயோதோரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாண்டு கண்ணீர் விட்ட அதே சீடர் இரவில் உடலை எடுத்து வேறிடத்தில் அடக்கம் செய்தார். இடத்தை அவர் வெளியே சொல்லவில்லை. பபாவ் இருந்த ஊரில், பிற்காலத்தில் சகோதரர்கள் கட்டிய பெருங்கோவிலின் தூண்கள் இன்றும் மண்ணில் விழுந்து கிடக்கின்றன.